ஆர்பெல் வீட்டுக் குழாயில் நீலத் தண்ணீர்

ஒமரூ,
2 செப்டம்பர் 1996

திருமதி மெர்ல் ஹாரப் அவர்களுக்கு,

தென்கரை வீட்டுவண்டிக் கழகத்தின் செயலாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கடந்த இலையுதிர்காலத்து ஈஸ்டர் விடுமுறையில் ஜெரால்டைன் அருகே ஆர்பெல் பண்ணையில் நாம் கூடியிருந்தபோது நடந்த அசிங்கத்தைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஞாயிறு காலை திருமதி ஆர்பெல் சமையலறைக் குழாயைத் திறந்தார். தண்ணீர் நீலமாக வந்தது. நம் வண்டிகளின் கழிவறைப் பெட்டியில் ஊற்றுகிற அதே நீல மருந்து. பெட்டியைக் கழிவுக் குழியில் கவிழ்க்க வேண்டியவர், அந்தக் குடும்பம் குடிக்கிற மழைத்தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்திருக்கிறார். யாரும் குடிக்கவில்லை என்பது கடவுள் புண்ணியம். பதினெட்டு வருடமாக அக்டோபர்தோறும் நம் வசந்தக் கூடுகை நடந்து வந்த அந்த மேய்ச்சல் நிலத்தை இனி நமக்குத் தருவதற்கில்லை என்று ஆர்பெல் சென்ற வாரம் எழுதி முடித்துவிட்டார்.

குழு விசாரித்தது. அன்று விடியும்போது நாயோடு நடக்கப் போன கீத் பிரிங்கிள், மழைக்கோட்டுத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெண்மணி பெட்டியைத் தூக்கிப் போவதைப் பார்த்திருக்கிறார். முகம் தெரியவில்லை. நம் கழகத்தில் அந்தப் பெட்டியைத் தூக்குவது ஆண்களின் வேலை. ஆண் துணையில்லாத ஒரே வண்டி தங்களுடையது. தவிரவும், நீலத் தண்ணீர் பற்றி வெளியே யாருக்கும் தெரிவதற்கு முன்பே ஆர்பெல் வீட்டுக் கதவைத் தட்டி, "குழாயைத் திறக்காதீங்க" என்று கத்தியவரும் தாங்களே. எப்படித் தெரியும் என்று அவர்கள் கேட்டதற்குத் தாங்கள் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

தங்களைக் கழகத்திலிருந்து நீக்கும் தீர்மானம், அக்டோபர் கடைசியில் குரோவ் குதிரைப் பந்தய மைதானத்தில் நடக்கும் வசந்தக் கூடுகையில் ஓட்டுக்கு விடப்படும். நிறைவேறினால் கழகத்தின் நிறுத்துமிடங்கள் எதிலும் தங்கள் பஸ்ஸை நிறுத்த முடியாது. விளக்கம் இருந்தால் எழுத்து மூலம் அனுப்பவும்.

இப்படிக்கு,
டெஸ்மண்ட் பேட்டர்சன்,
செயலாளர்


ஹோகிடிகா,
9 செப்டம்பர்

டெஸ்,

"திருமதி மெர்ல் ஹாரப் அவர்களுக்கு." அடேயப்பா! தபால் நிலையத்துல நின்னுக்கிட்டே படிச்சேன், யாரோ வேற பொம்பளைக்கு எழுதினதோன்னு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் தங்கச்சி நைரியைக் கட்டிக்கிட்டு முப்பத்தஞ்சு வருஷமா கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் என் பாவ்லோவா கேக்கை மூணு துண்டு வெட்டித் தின்னவன் நீ. இப்ப நான் "தாங்கள்" ஆயிட்டேனா?

விளக்கம் வேணுமாம். எழுதிக்கோ. கழிவுக் குழிக்கும் தண்ணித் தொட்டிக்கும் ஒரே மாதிரி சிமெண்ட் மூடிதான், ஒத்துக்கறேன். புதுசா வந்தவங்க குழம்பலாம். ஆனா அந்தக் குழியை வெட்டினது யாரு? க்ளாரி. மூணு நாள் மண்வெட்டியோட கிடந்தான், நான்தான் சாண்ட்விச் கொண்டு போய்க் குடுத்தேன். என் புருஷன் வெட்டின குழி வேலி ஓரமா, கொட்டகை ஓரமான்னு எனக்குத் தெரியாதா? கண்ணைக் கட்டி விட்டாலும் போயிட்டு வருவேன்.

ஆம்பளை இல்லாத வண்டி என்னோடது ஒண்ணுதான், அதனால பெட்டியைத் தூக்கினவ நான்தான். நல்லா இருக்குய்யா உங்க குழுவோட மூளை. க்ளாரி போனதுக்கப்புறம் நான் பெட்டி தூக்கினேன், டயர் மாத்தினேன், ஆயில் மாத்தினேன். அப்பல்லாம் "பலே மெர்ல்"னு முதுகுல தட்டினீங்க. இப்ப அதுவே குத்தமாயிடுச்சு.

நேத்து ஒட்டிரா இறக்கத்துல பிரிங்கிள் வண்டி எதிர்ல வந்துச்சு. நம்ம வண்டியை ரோட்டுல பார்த்தா கை தூக்கறது நாம எல்லாரும் மூச்சு விடற மாதிரி செய்யறது. நான் தூக்கினேன். அவன் ஸ்டீரிங்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு மலையைப் பார்த்தான். பக்கத்துல அவன் பொண்டாட்டி பாவம், பாதி தூக்கின கையை அப்படியே மடியில போட்டுக்கிட்டா. வண்டியை ஓரங்கட்டிட்டு ஒரு பாட்டம் அழுதேன். எழுதறதுக்கு எனக்கென்ன வெக்கம்?

வீட்டை வித்துட்டு இந்த பஸ்தான் வீடுன்னு ஏறினவ நான். எங்க போனாலும் கழகத்து இடத்துலதான் நிறுத்தறேன். நாலு மணிக்கு நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வட்டத்துல போய் உக்கார்ந்தா, "என்ன மெர்ல், எந்த ஆத்தங்கரையிலேர்ந்து வர்றே"ன்னு கேக்க நாலு ஜீவன் இருக்கு. அதையும் பிடுங்கிட்டா எனக்குன்னு மிச்சம் என்ன இருக்கு சொல்லு.

கடைசியா ஒரு கேள்வி. ஈஸ்டர்ல நீ முட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்டு ரெண்டு ஊன்றுகோலோட நின்னுக்கிட்டிருந்தே. உன் வண்டிப் பெட்டியை யார் தூக்கினாங்க? நிதானமா யோசிச்சு எழுது. அடுத்து ஹாஸ்ட் போறேன், அங்க தபால் நிலையத்துக்கு அனுப்பு.

மெர்ல்


ஒமரூ,
15 செப்டம்பர்

திருமதி ஹாரப்,

கேள்வி கேட்பது குழுவின் வேலை. பதில் சொல்வது தங்கள் வேலை. அதை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

என் வண்டியின் பெட்டியை யார் தூக்கினார்கள் என்பது இங்கே பேச்சே இல்லை. பக்கத்து வண்டிக்காரர்கள் உதவினார்கள். பெயர் நினைவில்லை. அன்று வலி மாத்திரையில் இருந்தேன்.

தங்கள் கடிதத்தைக் குழுவில் படித்தேன், சில வரிகளை விட்டுவிட்டுத்தான். எகத்தாளத்துக்குப் பஞ்சமில்லை என்று தலைவரே சொன்னார். எனக்கு இது புதிதல்ல. பதினோரு வருடமாகச் செயலாளராக உழைக்கிறேன். வண்டிகள் வரிசையாக நிற்க வேண்டும் என்று நூல் பிடித்தால், "டெஸ் வர்றான், எல்லாரும் சல்யூட் அடிங்க" என்று வட்டத்தில் உட்கார்ந்து சொன்னது யார்? எல்லோரும் சிரித்தார்கள். க்ளாரிதான் அதிகம் சிரித்தான். நீ சொல்வது எல்லாமே உனக்கு வேடிக்கை. ஒரு குடும்பம் குடிக்கிற தண்ணீர் வேடிக்கையா?

இன்னொன்று. நைரிக்குத் தொலைபேசி செய்வதை நிறுத்து. உன்னோடு பேசிவிட்டு வைத்தால் அழுகிறாள். என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு முழுக்க எனக்குத்தான் பாடு.

டெஸ்மண்ட் பேட்டர்சன்


ஹாஸ்ட்,
23 செப்டம்பர்

டெஸ்,

ரெண்டாம் பக்கத்துல "நீ"ன்னு வந்துட்டே பாரு. அதுக்காவது சந்தோஷம்.

இங்க ஆறு முழுக்க வெள்ளைக் குஞ்சு மீன் ஏறுது. கரை நெடுக வலையோட ஆளுங்க. முட்டையில போட்டு அடை சுட்டா வாசனை ஊரைத் தூக்குது. ஒரு வாரமா அதைத் தின்னுக்கிட்டு உன் கடிதத்துக்கு என்ன எழுதறதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். பூசி மெழுகினது போதும், டெஸ். நான் பார்த்தேன்.

அன்னைக்குக் காலைல டீக்குத் தண்ணி வெச்சுட்டு ஜன்னல் திரையைத் தள்ளினேன். கொட்டகை ஓரமா நைரி போறா, கையில உங்க பெட்டி. நீ தூங்கிக்கிட்டிருந்தே, உன்னால முடியாதுன்னு அவளே தூக்கிட்டு வந்திருக்கா. பாவம் உதவி பண்றான்னுதான் முதல்ல நினைச்சேன். அவ தொட்டி மூடியைத் தள்றதைப் பார்த்ததும் செருப்பு கூடப் போடாம ஓடினேன். நான் போறதுக்குள்ள கவிழ்த்துட்டா. "நைரி, என்னடி பண்றே!"ன்னு கத்தினேன். அவ நிமிர்ந்து, "எப்பவும் இங்கதானே மெர்ல் கொட்டுவோம்?"னு கேட்டா, ஒரு விகல்பமும் இல்லாம. அப்புறம் சுத்தி முத்தி பார்த்தா. தொட்டிக்குழாய் ஆர்பெல் வீட்டுக்குப் போறதைப் பார்த்தா. முகம் காகிதமா வெளுத்துப் போச்சு.

"டெஸ்கிட்ட சொல்லிடாதே. சொன்னா என்னை எங்கயாவது கொண்டு போய் விட்டுடுவான்." என் கையைப் பிடிச்சுக்கிட்டு இதையே திருப்பித் திருப்பிச் சொன்னா. சரின்னு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டு ஆர்பெல் வீட்டுக்கு ஓடினேன். அந்தம்மா அதுக்குள்ள கெட்டிலை ரொப்பிட்டா. எப்படித் தெரியும்னு அவங்க கேட்டப்ப திரும்பிப் பார்க்காம என் பஸ்ஸுக்கு வந்துட்டேன். இதுதான் நடந்தது.

அது மறதி, டெஸ். சாவி எங்கே வெச்சேன்ங்கற மறதி இல்ல. உனக்கும் அது தெரியும். அன்னைக்கு எழுந்து பார்த்தப்ப உன் பெட்டி காலியா இருந்துச்சு இல்ல? பக்கத்து வண்டிக்காரங்க தூக்கினாங்களாம், பேர் ஞாபகம் இல்லையாம்! யார் தலையில மிளகாய் அரைக்கிறே? யார் பண்ணினான்னு தெரிஞ்சுக்கிட்டே என் பேரை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு அனுப்பியிருக்கே. இத்தனை மாசம் நான் வாயை மூடிக்கிட்டிருந்தது அவளுக்காக. நீயும் அதை மூலதனமா வெச்சுக்கிட்டே.

தீர்மானத்தை வாபஸ் வாங்கு. இல்லைன்னா குரோவுக்கு வந்து எல்லார் முன்னாலயும் எழுந்து நின்னு குட்டை உடைச்சுடுவேன். சத்தியமாவது ஒண்ணாவது.

மெர்ல்


ஒமரூ,
1 அக்டோபர்

மெர்ல்,

உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கிறதா? கடிதத்தைத் தபால்பெட்டியிலிருந்து எடுத்து வந்தவள் நைரி. "மெர்ல் எழுதியிருக்கா, படிச்சுக் காட்டு" என்று எதிரில் உட்கார்ந்துகொண்டாள். மீன் அடை பற்றி எழுதியிருக்கிறாய் என்று அதை மட்டும் படித்தேன். மற்றதை நானாகக் கட்டிச் சொன்னேன்.

ஆமாம், தெரியும். அன்று காலையே தெரியும். போதுமா?

நீ அவளோடு தொலைபேசியில் அரைமணி பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். நான் கூட இருக்கிறேன். வீட்டில் சர்க்கரை எந்த அலமாரி என்று அவளுக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரே நாளில் மூன்று தடவை வண்டியில் சாமான் ஏற்றினாள், மூன்று தடவையும் நான் இறக்கினேன். ஆனால் வண்டி நகர்ந்துவிட்டால் அவள் பழைய நைரி, மெர்ல். மடியில் வரைபடத்தை வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமலே திருப்பம் சொல்கிறாள். போன மாதம் லிண்டிஸ் கணவாயில், "மெதுவா போ, அடுத்த வளைவுல வெயில் படாது, ஐஸ் இருக்கும்" என்றாள். இருந்தது. நாலு மணி வட்டத்தில் உட்கார்ந்தால் பழைய கதை அத்தனையும் வருகிறது, ஒரு பெயர் தப்பாமல். யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? பிரிஸ்பேனில் இருக்கிற பையன் ஏற்கனவே, "அம்மாவை ஒரு இல்லத்துல சேருங்கப்பா" என்கிறான். கழகத்துப் பெண்கள் அவளிடம் சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசத் தொடங்குவார்கள், குழந்தையிடம் பேசுவதுபோல. தேநீர்க் கோப்பையைக்கூட அவள் கையில் கொடுக்க மாட்டார்கள். அவளுக்கு அது புரியும். அந்த அளவுக்குப் புத்தி இன்னும் மிச்சம் இருக்கிறது.

தீர்மானத்தை வாபஸ் வாங்க முடியாது. வாங்கினால் "அப்போ யார்?" என்பார்கள். நீ தனி ஆள். உனக்கு எங்கே போனாலும் வாய் இருக்கிறது, பிழைத்துக்கொள்வாய். அவளுக்கு அந்த வட்டத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

டெஸ்


வனாகா,
8 அக்டோபர்

டெஸ்,

"உனக்கு வாய் இருக்கிறது, பிழைத்துக்கொள்வாய்." இதை எழுதறப்ப உனக்குக் கை கூசல? வாய் இருக்கறவளுக்கு வயித்தெரிச்சல் இருக்காதா? க்ளாரி செத்த வருஷம் எந்த வாய் எனக்குத் துணைக்கு வந்துச்சு? அந்த வட்டம்தான் வந்துச்சு. அவளுக்கு அதைத் தவிர ஒண்ணுமில்லைன்னா, எனக்கு மட்டும் அரண்மனையா இருக்கு?

நைரி லிண்டிஸ்ல ஐஸ் சொன்னதைப் படிச்சுட்டு அழுதேன். ரெண்டு பேரையும் சின்ன வயசுல அந்த ரோட்டுல அப்பா லாரில கூட்டிட்டுப் போவாரு. அது வேற, இது வேற. உன்மேல இருக்கற கோபம் ஒரு துளி குறையல.

நீ ஏன் மறைக்கறேன்னு எனக்குத் தெரியும். அவளுக்காகப் பாதி. மீதி, நூல் பிடிச்சு வண்டி நிறுத்தற செயலாளரோட பெட்டியிலேர்ந்துதான் ஆர்பெல் டீயில நீலம் கலந்துச்சுன்னு சொல்ல உனக்கு வாய் வரல. நம்ம கழகத்துல பாதிப் பேருக்குக் காது கேக்கல, மீதிப் பேருக்கு நெஞ்சுல பேட்டரி. அவங்களா நைரியைப் பார்த்துச் சிரிக்கப் போறாங்க? ஒருத்தர் முடியாதவங்கன்னா அவங்க வண்டியைக் கழுவி விடற கூட்டம் இது. உனக்கு அவங்களையும் தெரியல.

நான் வர்றேன். எழுந்து நிப்பேன். அதுக்கு முன்னால நீயே சொல்லிட்டா உன் மரியாதையாவது மிஞ்சும்.

மெர்ல்


ஒமரூ,
14 அக்டோபர்

மெர்ல்,

வா. தாராளமாக வா. நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு வா.

அவளுக்கு அது நினைவில்லை. பெட்டி, தொட்டி, நீ ஓடி வந்தது, உன்னிடம் சத்தியம் வாங்கியது, ஒன்றும் இல்லை. சுத்தமாகத் துடைத்துவிட்டது. "ஆர்பெல் தண்ணியில யார் கொட்டினதுன்னு கண்டுபிடிச்சீங்களா டெஸ்?" என்று என்னையே கேட்கிறாள். வாரத்துக்கு இரண்டு தடவை கேட்கிறாள். "விசாரிச்சுக்கிட்டிருக்கோம்" என்கிறேன். "சும்மா விடாதே, அங்க கைக்குழந்தை இருக்கு" என்கிறாள். இந்தக் கடிதத்தைக் குளியலறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

குரோவில் அவள் முதல் வரிசையில்தான் உட்காருவாள், எப்போதும்போல. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல். முடிந்தால் சொல்.

டெஸ்


டன்ட்ரூன் அருகே, வைட்டாக்கி ஆற்றங்கரை,
29 அக்டோபர்

டெஸ்,

நீ முன்னால மேசையில காகிதத்துக்குள்ள மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு உக்கார்ந்திருந்தே. அதனால உன் கூடுகையில நீ பார்க்காததை எழுதறேன், படி.

வெள்ளிக்கிழமை நான் பந்தய மைதானத்துக்குள்ள நுழைஞ்சப்ப உன் ஆளு என்னைக் குதிரைக் கொட்டடிக்குப் பின்னால கடைசியில நிறுத்தச் சொன்னான். ரெண்டு பக்கமும் காலி இடம். யாரும் பக்கத்துல வந்து நிறுத்தல. நம்ம கூட்டத்துல கதவைத் திறந்து வெச்சா "உள்ள வாங்க"ன்னு அர்த்தம். சனிக்கிழமை முழுக்கத் திறந்து வெச்சிருந்தேன். சீஸ் ரோல் சுட்டு வெச்சேன், ஆறிப் போச்சு. அந்தப் பக்கம் அலங்காரத் தொப்பி ஊர்வலம், பாட்டு, சிரிப்பு. இந்தப் பக்கம் நானும் காத்தும். கடைசியில ஒருத்திதான் வந்தா. தலையில டாஃபடில் பூ வெச்ச தொப்பியோட நைரி. "இங்க என்ன பண்றே மெர்ல், எல்லாரும் அங்க இருக்காங்க"ன்னு ஏறி உக்கார்ந்து நாலு சீஸ் ரோல் தின்னா. "நாளைக்கு மீட்டிங்ல என் பக்கத்துல உக்காரு"ன்னா. அவ போனதுக்கப்புறம், சொல்லாம ஊருக்குத் திரும்பிடலாமான்னு நினைச்சேன். ஆனா திரும்பறதுக்கு எனக்கு எந்த ஊர் இருக்கு? அதனால, சொல்லியே தீரணும்னு உறுதி பண்ணிக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை கீத் பிரிங்கிள் மழைக்கோட்டுக் கதையைச் சொல்லி முடிச்சான். தலைவர், "மெர்ல், நீ ஏதாவது சொல்லணுமா?"ன்னார். எழுந்தேன். நாக்கு நுனிக்கு வந்துடுச்சு டெஸ். "அது நானில்ல"ன்னு சொல்லிட்டேன். எல்லாரும் கேட்டாங்க. "அப்ப யாரு?"ன்னு பின்னாலேர்ந்து ஒருத்தன் கேட்டான். வாயைத் திறந்தேன்.

அப்பதான் நைரி எழுந்தா.

"யாரா இருந்தா என்ன? குடிக்கற தண்ணியில அசிங்கத்தைக் கொட்டினவ இங்க இருக்கக் கூடாது. ஆர்பெல் வீட்ல கைக்குழந்தை இருக்கு. செஞ்சதுமில்லாம ஒத்துக்கவும் மாட்டேங்கறா. வெக்கமா இல்ல?" என்னைப் பார்த்துத்தான் சொன்னா. என்னை அவளுக்கு அடையாளம் தெரியாம இல்ல, டெஸ். நல்லாத் தெரிஞ்சுது. அக்கா இப்படிப் பண்ணிட்டாளேன்னு அவ கண்ணு கலங்கியிருந்துச்சு. ஆனாலும் கை தூக்கினா. முதல் கை அவளோடதுதான். நியாயத்துக்கு முன்னால அக்கா தங்கச்சி பார்க்கக் கூடாதுன்னு சின்ன வயசுலேர்ந்தே அவளுக்கு அப்படி ஒரு குணம். எல்லாரும் கை தட்டினாங்க. அவ நிமிர்ந்து நின்னா.

அந்த நிமிஷம் நான் சொல்லியிருந்தா அவ என்ன ஆகியிருப்பா? எல்லார் முன்னாலயும், தூக்கின கையோட? "சொல்றதுக்கு ஒண்ணுமில்ல"ன்னு உக்கார்ந்துட்டேன். உனக்காக உக்கார்ந்தேன்னு மட்டும் கனவு காணாதே.

நீ அப்பவும் தலையை நிமிர்த்தல. ஒரே ஒரு வார்த்தை, "தீர்மானம் தள்ளி வைக்கப்படுகிறது"ன்னு சொல்ல உனக்கு அதிகாரம் இருந்துச்சு. சொந்தப் பொண்டாட்டி வாயாலயே அவ அக்காவை விரட்ட விட்டே. உன்னை மாதிரி கோழையை நான் பார்த்ததில்ல, இனி பார்க்கவும் வேண்டாம்.

நம்ம கூட்டத்துலேர்ந்து ஒரு வண்டி கிளம்பினா எல்லா வண்டியும் ஹார்ன் அடிச்சு வழியனுப்பும். நான் கிளம்பினப்ப ஒரு சத்தமில்ல. மைதானத்தைச் சுத்தி மெதுவா ஓட்டினேன், யாராவது அடிப்பாங்களோன்னு. கேட் தாண்டறப்ப ஒரே ஒரு ஹார்ன், நீளமா, நிறுத்தாம. யார் அடிச்சதுன்னு எனக்குத் தெரியும். நீ ஊன்றுகோல் இல்லாம ஓடிப் போய் அவ கையை எடுத்து விட்டதையும் கண்ணாடியில பார்த்தேன்.

இனிமே எனக்கு எழுதாதே.

மெர்ல்


ஒமரூ,
5 நவம்பர் 1996

திருமதி மெர்ல் ஹாரப் அவர்களுக்கு,

27 அக்டோபர் அன்று நிறைவேறிய தீர்மானத்தின்படி தாங்கள் தென்கரை வீட்டுவண்டிக் கழகத்திலிருந்து நீக்கப்பட்டுள்ளீர்கள். உறுப்பினர் அட்டையையும் நிறுத்துமிடங்களின் சாவியையும் திருப்பி அனுப்பவும்.

டெஸ்மண்ட் பேட்டர்சன்,
செயலாளர்

மெர்ல், கீழே எழுதுவது கழகத்துக்குத் தெரியாது. எழுதாதே என்றாய், எழுதுகிறேன். கிழித்துப் போட்டாலும் சரி.

கோழை என்றாய். இருக்கலாம். நீ வராமலிருந்தால் தபாலில் முடிந்திருக்கும், அவள் எழுந்து பேசவேண்டி வந்திருக்காது. அதற்கு உன்னை நான் மன்னிக்கப்போவதில்லை. இது மன்னிப்புக் கடிதமும் இல்லை.

குரோவில் நடந்ததும் அவளுக்கு நினைவில்லை. வீடு வந்து இரண்டாம் நாளே போய்விட்டது. தினமும், "மெர்ல் ஏன் போனே பண்ணல? சண்டை போட்டியா?" என்கிறாள். இல்லை என்கிறேன். நேற்றுக் காலை போய் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "மெர்ல் எங்க நிறுத்தியிருக்காளோ அங்க போ" என்றாள். எங்கே என்று தெரிந்தும், தெரியாது என்றேன். "கழகத்துல கேளு, அவங்களுக்குத் தெரியும்" என்றாள். சாப்பிடவும் இறங்கவில்லை. தட்டை அங்கேயே கொண்டு போய்க் கொடுத்தேன். இன்றும் ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.

நான் எங்கே ஓட்டுவது? அவளுக்கு என்ன சொல்வது? அதை மட்டும் எழுது.

டெஸ்


டன்ட்ரூன்,
7 நவம்பர்

டெஸ்,

அட்டையும் சாவியும் உள்ளே இருக்கு. எண்ணிப் பார்த்துக்கோ, செயலாளர் ஆச்சே.

நேத்து போலீஸ்காரர் வந்து ஜன்னலைத் தட்டினார். ஆத்தங்கரையில இப்படித் தங்கக் கூடாதாம். "உங்க மாதிரி ஆளுங்களுக்குக் கழகத்து இடம் இருக்குமேம்மா"ன்னார். நல்ல மனுஷன். இருந்துச்சு, இப்ப இல்லன்னேன். எங்க போவீங்கன்னு கேட்டார். எனக்கே தெரியல, நாளைக்குச் சொல்றேன்னேன். இன்னைக்கு உன் கடிதம் வந்துச்சு.

அவளுக்கு என்ன சொல்றதுன்னு கேக்கறே. "மெர்ல் வந்துக்கிட்டிருக்கா"ன்னு சொல்லு. மறுபடி கேட்டா மறுபடி சொல்லு. இத்தனை மாசமா சொன்ன எதுவும் உண்மையில்ல, இதையாவது உண்மையா சொல்லிப் பழகு.

உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. உன் வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன். நான் டீ போட்டா ரெண்டு கோப்பைதான் போடுவேன், மூணாவது கிடையாது. நைரி என் பஸ்ல முன் சீட்ல உக்காருவா. எனக்கு வழி சொல்லுவா, நான் ஓட்டுவேன். எந்த ரோடு, எந்த ஆறு, எப்ப திரும்புவோம்னு நீ ஒரு கேள்வி கேக்கக் கூடாது. என்னை விரட்டினவளை நான் ஏன் கூட்டிட்டுப் போறேன்னு உன் கழகத்துல யாராவது கேட்டா, என்ன வேணுமோ சொல்லிக்கோ. உனக்குத்தான் கட்டிச் சொல்ல நல்லா வருமே.

சனிக்கிழமை மத்தியானம் வர்றேன். பஸ்ஸை நிறுத்த இந்தத் தீவுல எனக்கு ஒரு இடம்தான் மிச்சம் வெச்சிருக்கே. உன் வாசல்ல நிக்குதே அந்த வெள்ளை வண்டி, அதை எடுத்துத் தெருவுல விடு.

மெர்ல்